நீக்கிய பதிவுக்குக் காரணம் கேட்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவீரர் நாளான நவம்பர் 27 நெருங்கினால் போதும், பிரபாகரன் படம் உள்ள பதிவுகள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காணாமல் போகின்றன, கணக்குகளும் முடங்குகின்றன. ‘ஆபத்தான அமைப்புகள், தனிநபர்கள்’ பற்றிய தன் கொள்கையை, இவ்விரு தளங்களையும் நடத்தும் மெட்டா நிறுவனம் காரணம் காட்டுகிறது. புலிகள் இயக்கம் 1997 முதல் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருக்கிறது, இந்தியாவிலும் தடை நீடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் செய்தி, நடுநிலையான விவாதம், கண்டனம் ஆகியவற்றை அதே கொள்கை அனுமதிக்கிறது. நடைமுறையில் படத்தைப் பார்த்ததுமே பதிவைத் தூக்கிவிடுகிறார்கள், கூட எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

இதற்குப் பெரிய காரணம், படங்களை ஒப்பிட்டு நீக்கும் தானியங்கிக் கிடங்கு. ஒரு படம் அதற்குள் போய்விட்டால், யார் எந்த நோக்கத்தில் போட்டாலும் நீங்கும். கொலம்பியக் காவல்துறையின் அத்துமீறலைக் கண்டித்த ஒரு கேலிச்சித்திரம் இப்படித் தவறுதலாகக் கிடங்கில் சேர்ந்தது. 215 பேர் மேல்முறையீடு செய்தார்கள். 98 விழுக்காடு அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. அப்படியும், மெட்டாவின் நீக்க முடிவுகளைத் தனித்து நின்று மறுஆய்வு செய்யும் மேற்பார்வைக் குழு கையிலெடுக்கும்வரை அந்தப் படம் கிடங்கிலேயே கிடந்தது. குழுவின் தீர்ப்பு வந்தது 2022இல். ஆகவே நீக்கிய படத்தையே மறுபடி மறுபடி ஏற்றாதீர்கள். கணக்கின் மீது குற்றப்புள்ளிதான் கூடும்.

நம் வாசகர்கள் பலர் அறியாத வழி ஒன்று இருக்கிறது. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021, விதி 4(8)இன்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம் தானாக முன்வந்து ஒரு பதிவை நீக்கினால், நீக்கும் முன்பே காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுத்து வாதிட வாய்ப்பும் தர வேண்டும். முதலில் நீக்க அறிவிப்பைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள்: பதிவின் இணைப்பு, தேதி, குறிப்பு எண் மூன்றும் தேவைப்படும். சட்டப்படியான கோரிக்கையால் நீக்கியதாக அதில் இருந்தால் அது அரசு உத்தரவாக இருக்கலாம். இந்த வழி அதற்குப் பொருந்தாது. இல்லையென்றால் செயலியிலேயே மேல்முறையீடு செய்துவிட்டு, நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். வெறுமனே கருத்துரிமை என்று எழுதினால் பயனில்லை. பதிவின் எந்த வரி கொள்கையின் எந்த விலக்கில் வருகிறது என்று காட்டுங்கள். தமிழ் வரிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தால் நல்லது.

அவர் முடிவில் நிறைவில்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். அதன் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு என்பதால், அரசை விமர்சிக்கும் பதிவுக்கு அங்கே நியாயம் கிடைக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இலங்கைத் தமிழருக்கு இந்தக் குழுவும் இல்லை. மெட்டாவின் இறுதி முடிவு வந்த 15 நாளுக்குள் மேற்பார்வைக் குழுவுக்கு எழுதலாம்; ஆனால் அது மிகச் சில வழக்குகளையே எடுக்கிறது.

பதிவை நீக்காமல், பிறர் கண்ணில் படாதபடி அமுக்கி வைப்பதைப் பற்றி விதி 4(8) எதுவும் சொல்லவில்லை. அதையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும். நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில், தமிழ்ப் பதிவுகள் எத்தனை நீக்கப்பட்டன, எத்தனை திரும்பி வந்தன என்ற கணக்கைத் தனியாகத் தரும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி