தாய்மாரின் இரத்தத்தை இப்போதே எடுத்து வையுங்கள்: காணாமற்போனோர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளருக்கும் ஆணையாளர்களுக்கும்,

என் பெரியம்மாவுக்கு வயது 78. காணாமற்போன மகனைப் பற்றிய கடதாசிகளையெல்லாம் ஒரு சொப்பிங் பையில் போட்டு, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு சி.ஆர். கொப்பி. வவுனியா ஓமந்தையில் அவனை எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள், அதன் இலக்கத்தின் கடைசி இரண்டு எண் என்ன, எந்த முகாம் வாசலில் எந்தத் திகதியில் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அனுபவமுள்ள புலனாய்வாளர்கூட இவ்வளவு துல்லியமாகக் குறிப்பு எடுப்பாரோ தெரியாது.

இப்படிக் கொப்பியும் கையுமாகத் திரிந்த வேறு சில கிழவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும்.

1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவை இராணுவம் ஆண்டது. புவெனஸ் அயர்ஸ் நகரில் இளம் பெண்களையும் ஆண்களையும் வீடு புகுந்து பிடித்துப்போனார்கள். கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, பிள்ளை பிறந்தபின் கொன்றார்கள். பிறந்த பிள்ளைகளைத் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆட்கள் கூடி நிற்கத் தடை. அதனால் பிள்ளைகளைத் தேடி, ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்துக்கு வந்த தாய்மார் நிற்காமல் இரண்டிரண்டு பேராகச் சுற்றி நடந்தார்கள். அடையாளத்துக்குத் தலையில் குழந்தைகளின் அணைத்துணி. ஆட்சியாளர்கள் அவர்களைப் ‘பைத்தியக்காரிகள்’ என்றார்கள்.

அந்தத் தாய்மாருக்குள் பேரப்பிள்ளைகளையும் பறிகொடுத்த 12 பேர் 1977இல் தனியாகச் சேர்ந்தார்கள். அதன்பிறகு அவர்கள் செய்தது முழுக்க முழுக்கத் துப்பறியும் வேலை. ‘லாஸ் வியோலெத்தாஸ்’ என்ற பழைய தேநீர்க் கடையில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் வெட்டி, கோப்பைகளுக்கு நடுவே தகவல் மாற்றிக்கொண்டார்கள். தொலைபேசியில் பேரப்பிள்ளைகள் ‘பூக்கள்’, பாப்பரசர் ‘வெள்ளை மனிதர்’. சந்தேகமான வீடுகளில் வேலைக்காரியாகச் சேர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்து வந்தவர்களும் இருந்தார்கள்.

கொலைகாரர்கள் இவர்களுக்குள்ளேயே ஆள் விட்டிருந்தார்கள். அல்பிரெடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி, தம்பியைத் தேடும் அண்ணனாக நடித்து தாய்மாரோடு பழகினான். 1977 டிசம்பரில் சாந்தா குரூஸ் தேவாலயத்திலிருந்து அவன் காட்டிக்கொடுத்தவர்களைக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து, தாய்மாரின் முதல் தலைவி அசுசேனா வில்யாஃப்ளோரையும் பிடித்தார்கள். அவர்களைக் கடலில் வீசிக் கொன்றார்கள். கடற்கரையில் ஒதுங்கிய உடல்களைப் பெயரில்லாத புதைகுழிகளில் போட்டு மூடினார்கள். 2005இல் தடயவியல் மானுடவியலாளர்கள் அந்த எலும்புகளைத் தோண்டி, மரபணுவை உறவினரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, அவை யாருடையவை என்று கண்டார்கள். அசுசேனாவின் அஸ்தி இன்று அதே சதுக்கத்தில் இருக்கிறது. 2011இல் அஸ்டிஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே அந்த இரத்தந்தான்.

பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளை இன்னாருடையது என்று எப்படி நிரூபிப்பது? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைத் தேடிய அந்தப் பாட்டிமார் வெளிநாட்டு விஞ்ஞானிகளின் கதவுகளைத் தட்டினார்கள். மேரி கிளேர் கிங் என்ற மரபியலாளர் கைகொடுத்தார். பாட்டி தாத்தாவின் இரத்தத்தைக் கொண்டே உறவைச் சொல்லலாம் என்று 1984இல் நிரூபணமானது. 1987இல் சட்டம் போட்டு மரபணு வங்கி அமைத்தார்கள். அதை வைத்த இடத்தைக் கவனியுங்கள்: பொலிஸிடமோ இராணுவத்திடமோ அல்ல, துராந்த் என்ற பொது மருத்துவமனையில். 2025 வரை 140 பேரப்பிள்ளைகளின் அடையாளம் தெரிந்திருக்கிறது. பாட்டிமாரின் தலைவி எஸ்தெலா தெ கார்லோட்டோ தன் பேரனைக் கட்டிப்பிடித்தது 2014இல், 83 வயதில். அவர்களில் ஒருவரான சிச்சா மரியானி பேத்தியைக் காணாமலே 2018இல் கண்மூடினார். ஆனால் அந்தக் குடும்பத்தின் மரபணுத் தடம் வங்கியில் இருக்கிறது. நாளை அந்தப் பேத்தி வந்தாலும் அடையாளம் காணலாம்.

நம் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டமாகக் குந்தியது 2017 பெப்ரவரி 20இல். அந்தக் கொட்டிலில் இருந்தவர்கள் பலர் இன்று இல்லை. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு நீலப் புத்தகப்பை, ஒரு பால்போத்தல். ஓகஸ்டில் பொருட்களை மக்கள் பார்க்க வைத்தபோது, ஒவ்வொரு துணியிலும் தையலைத் தேடினார்கள் தாய்மார். துணி உக்கிப்போகும். தையல் நினைவும் மங்கிப்போகும்.

சகோதரங்களிடம் பிறகு எடுக்கலாம் என்று யாரும் சொல்லலாம். சில வீடுகளில் அது சரிவரும். பெரியம்மாவுக்கு ஒரே பிள்ளை, பெரியப்பாவும் போய்விட்டார். அவரோடு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

ஆகவே கேட்கிறேன். தாய்மாரைக் கொழும்புக்குக் கூப்பிடாதீர்கள். நடமாடும் குழுவை வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்புங்கள். தெற்கிலே 1989இல், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரிடமும் அனுப்புங்கள், அவர்களும் கிழவிகளாகிவிட்டார்கள். வயது கூடியவர்களிடம் முதலில் எடுங்கள். மாதிரிகளைச் சீருடைக்காரர் கைபடாத மருத்துவமனையில் வையுங்கள். கொடுத்தவருக்கு இலக்கமிட்ட துண்டு ஒன்று அவரவர் மொழியில் கொடுங்கள். மகன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளும் கடதாசி எதிலும் அந்த நேரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். அப்படி வாங்குவீர்கள் என்ற பயத்தில்தான் பலர் கதவைத் திறக்க மாட்டார்கள்.

பெரியம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார். மற்ற நாட்களில் வீட்டில்தான் இருப்பார். கொப்பியையும் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.