கிளுவையைப் பிடுங்காதீர்கள்: ஊரில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கமிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது. நாற்பது வயதிருக்கும் ஒருவர், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பொக்லைன், முள்செடியான கிளுவையை நட்டு வளர்த்த உயிர்வேலியை வேரோடு வாரிக் குவித்துக்கொண்டிருந்தது. "மிச்சம் வைக்காம ஓட்டச் சொல்லு, நாளைக்குக் கம்பி வேலிக்குக் கல்லுக்கால் இறங்கிரும்" என்றார். எழுந்து போய்ப் பேச வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்துவிட்டேன். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பீர்கள் என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அதே வேலையை நானும் செய்தவன். அப்பா போன பிறகு ஆறு ஏக்கர் கொறங்காட்டையும் நாலு உருப்படி மாட்டையும் அம்மா தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கு வேலியில் அங்கங்கே சந்து விழுந்திருந்தது. தினமும் போனில் அந்தப் புலம்பல்தான். சரி, ஒரேயடியாக முள்கம்பி போட்டுவிடலாம் என்று பணம் அனுப்பினேன். நாலே நாளில் வேலை முடிந்தது. ஈசூன் வீட்டில் இருந்தபடி போட்டோவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வேலிக்கோட்டில் வெள்வேல மரம் நின்ற இடத்திலெல்லாம் கல்லை மிச்சம் பிடித்து, கம்பியை மரத்திலேயே ஆணி அடித்து நிறுத்தியிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஆடிக் காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வீசும் அந்தக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஆணி அடித்த மரத்தில் ஒரு பெரிய கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தது. ஐந்து வரிசையும் தொய்ந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் பச்சையாகச் சோளத்தட்டு. எங்கள் செவலைப் பசு தாண்டப் போயிருக்கிறது. அம்மா அனுப்பிய போட்டோவில் மடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல், கம்பி முள்ளில் ஒரு கொத்துச் செம்மயிர். டாக்டர் வந்து தையல் போட்டார். ஒரு காம்பு அத்தோடு வற்றிப்போனது. முழுக் கிளுவை வேலியில் அது நடந்திருக்காது. கிளுவையின் முள்ளும் குத்தும்தான். ஆனால் அந்த அடர்த்தியைப் பார்த்தாலே மாடு திரும்பிவிடும், தாண்டிப் பார்க்கத் தோன்றாது.

கொறங்காடு என்றால் என்ன என்பதை நாமே மறந்துகொண்டு வருகிறோமோ என்று பயமாக இருக்கிறது. கீழே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேலம், சுற்றிலும் முள்கிளுவை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது மேய்ச்சல் காடு. கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகிறது. வேலி அடைப்பாக இருப்பதால் மாட்டை உள்ளே விட்டு, வாசல் படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம், மேய்க்க ஆள் வேண்டாம். காட்டைத் துண்டு துண்டாக அடைத்து மாற்றி மாற்றி மேயவிட்டால் புல்லுக்கும் ஓய்வு கிடைக்கும். காங்கயம் மாடு வளர்ந்ததே இப்படிப்பட்ட காடுகளில்தான். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் எல்லாரும் இங்கே வந்து கிடக்கிற நமக்கு, சம்பளம் வாங்காமல் மாடு மேய்க்கிறது அந்த வேலி.

அப்பாரு (தாத்தா) வேலி வைத்த விதத்தைச் சின்ன வயதில் கூட நின்று பார்த்திருக்கிறேன். மழைக்கு முன்பு, கோடு பிடித்து வாய்க்கால் மாதிரி பறிப்பார். பழைய வேலியிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் போத்து (நடுவதற்கான கிளை) வெட்டி, கைவிரல் நுழையும் இடைவெளியில் ஊன்றி, மண்ணை மிதித்து இறுக்குவார். முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். மாடு முட்டினாலும் தாங்கும் அளவுக்கு அடைய நாலைந்து வருஷமாவது வேண்டும். அதுவரை உள்பக்கம் முள் வெட்டிப் போட்டு வைப்பார். அப்படி அடைந்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். இலையை ஆடு தின்னும், அடியில் காடையும் ஓணானும் கீரியும் குடியிருக்கும். இரண்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரியில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள்தானே நாம் எல்லாரும்.

அதைப் பொக்லைன் ஒரு மத்தியானத்தில் வாரிவிடுகிறது.

சந்து விழுந்த இடத்தில் மட்டும் புதுப் போத்து ஊன்றுங்கள், போதும். அது வளரும்வரை அந்தப் பத்தடிக்கு மட்டும் உள்பக்கமாக இரண்டு வரிசை கம்பி இழுத்துக் கொள்ளுங்கள், முள் இல்லாத வெறுங்கம்பியாக இருந்தால் நல்லது. சந்து எப்படி வந்தது என்றும் கேளுங்கள். பாதி இடங்களில் குறுக்கு வழியாக ஆட்கள் நடந்து நடந்துதான் விழுந்திருக்கும். அங்கே ஒரு படல் வைத்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. மாடு ஒரு சந்தைக் கண்டுபிடித்துவிட்டால் மறக்காது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

முழுக்கக் கம்பிதான் போட முடியும் என்ற நிலைமை சிலருக்கு இருக்கும், தெரியும். அப்படியானால் ஒப்பந்தக்காரரிடம் சிலதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. மரம் பருக்கும்போது பட்டை கம்பியை விழுங்கிவிடும், மரமும் கெடும், கம்பியும் அறும், பிற்பாடு வெட்டுகிறவன் ரம்பத்தில் ஆணி மாட்டும். மரம் இருந்தால் கோட்டை இரண்டடி உள்ளே தள்ளிக் கல் நடட்டும். மூலைக் கல்லுக்கு இரு பக்கமும் முட்டுக்கல் வேண்டும், இழுவை முழுக்க அதில்தான் விழுகிறது. ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். ஓடைப் பள்ளம் குறுக்கிடும் இடத்தில் வேலியோடு சேர்த்துக் கட்டாமல் தனித் தட்டியாகத் தொங்கவிடட்டும். வெள்ளம் வந்தால் தட்டி மட்டும் போகும், இரண்டு பக்கக் கல்லும் நிற்கும்.

கரண்ட் விஷயத்தைக் கெஞ்சியே கேட்கிறேன். மோட்டார் ரூமிலிருந்து வேலிக்கு ஒயர் இழுக்கச் சொல்லாதீர்கள், யாராவது இழுத்திருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். முறையான சோலார் வேலிப் பெட்டி, நொடிக்கு ஒரு தரம் கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் அடிக்கும். உதறிவிட்டு விலகிவிடலாம். வீட்டு மின்சாரம் விடாமல் பாயும், தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில், பயிருக்கு வைத்த அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாம் எல்லாரும் போனில் பார்த்தோம். காட்டை ஒட்டிய நிலத்தில் மின்வேலி போட்டால் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த வருஷமே அரசு விதி கொண்டுவந்தது. சட்டம் இருக்கட்டும், அந்த வேலிப் பக்கம் விடிகாலையில் புல்லறுக்கப் போகிறவர் உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம்.

நான் இங்கே பார்க்கும் வேலையும் வேலி வேலைதான். மண்டாய்ப் பக்கம் காட்டோரம் சுத்தம் செய்யும் குழுவில் இருக்கிறேன். ராத்திரி பெருங்காற்றோடு மழை அடித்தால், விடிந்ததும் எங்கள் முதல் வேலை வேலி நெடுக நடப்பது. அல்பீசியா மரம் வேகமாக வளரும், லேசான கட்டை, காற்றுக்குச் சட்டென்று முறியும். விழுந்த கிளையை அறுப்போம், தொய்ந்ததை இழுப்போம், ஏறும் கொடியை வெட்டுவோம். எவ்வளவு நல்ல வேலியாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. ஊரில் லட்சக்கணக்கில் கம்பிக்குப் போடுகிறோம், நடக்க ஓர் ஆளுக்குக் காசு ஒதுக்குவதில்லை. இப்போது நான் மாதம் ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி தனியாக அனுப்புகிறேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வாரம் ஒரு தரம் அரிவாளோடு ஆறு ஏக்கரையும் சுற்றி வருகிறார், காற்று அடித்தால் மறுநாளும். வேலியை ஒட்டிய மரங்களில் பட்டுப்போன கிளையை ஆடிக் காற்றுக்கு முன்னாலேயே இறக்கிவிடுகிறார்.

மேற்கு வேலியில் மூன்று வருஷத்துக்கு முன் மறுபடி போத்து ஊன்றினோம். இடுப்பு உயரம் வந்துவிட்டது, கம்பியை இன்னும் எடுக்கவில்லை. போத்துக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஊரில் பாதிப் பேர் வேலியை வாரி எரித்துவிட்டிருந்தார்கள். இந்த ஐப்பசிக்கு முன்னால் வேலி மாற்றும் யோசனையில் இருப்பவர்கள், பொக்லைனுக்குப் பணம் போடுவதற்கு முன் ஒரு தரம் வீட்டுக்குப் போன் போட்டு, எத்தனை அடி சந்து என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாரச் சொல்லிவிட்டவர்கள், வெட்டிக் குவித்த போத்தையாவது எரிக்காமல் கேட்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இன்னும் நூறடி பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பங்காளி ஒருவன்,
ஈசூன், சிங்கப்பூர்