பர்மா தேக்கு என்று விற்ற பீரோவைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவும்

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன் செய்து, வாட்ஸ்அப் செய்து, உங்கள் சாட்டில் பதில் சொல்லும் மெஷினிடமும் புலம்பி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். ஆர்டர் நம்பர், பில், போட்டோ எல்லாம் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து மறுபடியும் அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தக் கண்ணாடிக் கதவு பீரோதான். "செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்கு, எண்பது வருஷப் பழசு, புத்தக அலமாரியாக மாற்றியது" என்று நீங்களே எழுதி 28,500 ரூபாய்க்கு விற்றது.

வாடகை வீட்டு முன்னறையைக் குறைந்த செலவில் அழகாக்க ஆசைப்பட்டேன். காயலாங்கடையில் தையல் மெஷின் இரும்புக் கால் வாங்கி, மேலே பலகை போட்டு மேஜையாக்கினேன். மாமியார் வீட்டுப் பரணில் கிடந்த ஊஞ்சல் பலகையைத் தேய்த்து, ஜன்னலோரம் பெஞ்சாகப் போட்டேன். எல்லாம் சில ஆயிரத்தில் முடிந்தது. பெரிய செலவென்றால் உங்கள் பீரோ ஒன்றுதான். அதுதான் காலை வாரிவிட்டது.

பீரோவின் இடது காலடியில் சலித்த மைதா போல மாவு கொட்டுகிறது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடி. பக்கப் பலகையில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள். எங்கள் தெரு ஆசாரி வந்து, பின்பக்கத்தை லேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, கதவுச் சட்டம் மட்டும்தான் தேக்கு. மீதி ரப்பர் மரம். மேல மெல்லிசா சீவின தேக்குத் தகடு, அதான் வீனியர், ஒட்டியிருக்காங்க. மருந்து ஏத்தாம விட்டதால பொடிவண்டு விழுந்திருக்கு. வைரம் பாஞ்ச பழைய தேக்குல அது வாய் வைக்காது" என்றார். இழுப்பறையைக் கழற்றினால் உள்ளே ஸ்டேப்ளர் பின்! நகரத்தார் கப்பலில் இறக்கிய தேக்குக்கு எந்தக் காலத்தில் ஸ்டேப்ளர் அடித்தார்கள்?

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். மதியம் எடுத்த அந்தப் பையன் (பெயர் கேட்டால் "அதெல்லாம் சொல்ல மாட்டோம்" என்றான்) சொன்னது இது: "பழசுன்னா மாவு கொட்டத்தான் செய்யும் மேடம். பட்ஜெட் கம்மின்னா பிளாஸ்டிக் ஷெல்ஃப் வாங்கியிருக்கலாமே, ஏன் ஆன்டிக் பக்கம் வர்றீங்க?" காசு கொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? என் வீட்டில் பெரியவர்கள்கூட என்னை இப்படிப் பேசியதில்லை. அந்த அழைப்பைப் பதிவு செய்திருப்பீர்கள், எடுத்துக் கேளுங்கள்.

அவன் பேச்சைக் கேட்டுத்தான் உங்கள் செங்குன்றம் குடோனுக்கும் போனேன். இழுப்பறையை நேரில் காட்டினால் மாற்றித் தருவார்களாம். குட்டி யானை வண்டிக்கு வாடகை கொடுத்து, லீவு போட்டு, வெயிலில் போய் இறங்கினால் வாட்ச்மேன், "குடோன் காலி பண்ணிட்டாங்களேம்மா, உங்களுக்குச் சொல்லலையா?" என்கிறார். பாவம், தண்ணீர் கொடுத்தது அவர் மட்டும்தான். அன்று செலவழித்த பணத்துக்கும் நேரத்துக்கும் காரைக்குடிக்குப் பல்லவன் ரயிலில் போய், முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கையால் தட்டிப் பார்த்தே ஒரு நல்ல பீரோ வாங்கியிருப்பேன்.

டெலிவரி அன்றே கண்ணாடியில் கீறல் இருந்தது, அதையும் எழுதியிருந்தேன். "டிக்கெட் மூடப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. யார் மூடியது? எதைத் தீர்த்து மூடியது?

இப்போது அந்த வண்டு என் வீட்டு மரச்சாமான் அத்தனையையும் தின்னப்போகிறது. ஊஞ்சல் பலகை போச்சு, நிலைக்கதவு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஓனர் அட்வான்ஸில் பிடித்தால் நீங்கள் தருவீர்களா? நஷ்டம் லட்ச ரூபாய்க்குக் குறையாது.

உங்களிடம் முன்பு வாங்கிய பழைய கதவு டீப்பாய் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் இதை வாங்கினேன், அதனால்தான் இன்னும் மரியாதையாகக் கேட்கிறேன். பீரோ பணம், வண்டி வாடகை, ஆசாரி கூலி மூன்றையும் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பையன் மன்னிப்புக் கேட்க வேண்டும். வவுச்சர் வேண்டாம்.

2020 மின் வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மாவை ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன், ஆசாரியும் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பீரோவை எடுக்க வரும்போது தூக்குவதற்கு ஆட்களோடு வரவும். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன தடவை டிரைவர் மட்டும் வந்து, என் கணவரைத்தான் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ஆதம்பாக்கம் வாடிக்கையாளர்