தும்பை காய்க்கும்வரை மருந்து வேண்டாம்

பேரூராட்சிச் செயல் அலுவலர் அவர்களுக்கும் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மார்கழிக் கடைசியில் ஏரிக்கரையில் களைக்கொல்லி அடித்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் வருகைக்காக அந்த அவசரம் என்பது ஊருக்கே தெரியும், அதை விடுங்கள்.

கீழ்ச்சரிவில் நின்றதில் பாதிக்கு மேல் தும்பை. ஐப்பசி மழையில் முளைத்து, மார்கழி தையில் பூத்து, விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும் செடி. வேரிலிருந்து மறுபடி துளிர்க்காது. இந்த வருஷம் விழும் விதைதான் அடுத்த வருஷச் செடி. நீங்கள் மருந்து அடித்ததோ பூ உச்சத்தில் இருந்தபோது. மண்ணில் பழைய விதை கொஞ்சம் கிடக்கலாம். வருஷாவருஷம் இப்படி அடித்தால் அதுவும் எத்தனை நாளைக்கு?

பிரதோஷத்தன்று சிவன் கோயில் வாசலில் தும்பைப்பூ விற்கும் பாட்டியிடம் உங்களில் சிலர் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பூவைக் கொத்தாகப் பறிக்க முடியாது. கணுவைச் சுற்றிக் குத்தும் பச்சைப் புல்லிகளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக நகத்தால் இழுக்க வேண்டும். விடியலில் குனிந்தால் வெயில் ஏறுவதற்குள் ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறையும். நீங்கள் மருந்து அடித்த பிறகு அவர் பூப் பறிக்கப் போனபோது இலைகள் சுருண்டு பழுத்திருந்தன. மருந்து அடித்திருக்கிறது என்று ஒரு அட்டைகூட இல்லை. மிஞ்சிய பூக்களைப் பறித்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்ப்பவர் சத்தம் போட்ட பிறகுதான் கீழே கொட்டினார். அன்றைய வரும்படி போயிற்று. சாமி தாங்கிக்கொள்வார், பள்ளி விட்டு வரும் வழியில் அதே பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சும் பிள்ளைகள்?

அடித்தது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி என்றால், பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022-லேயே அறிவித்திருக்கிறது. கைலியோடும் வெறுங்காலோடும் தெளித்த அந்த இரண்டு பையன்கள் எந்த வகையில் சேர்த்தி?

சரி, களை ஒழிப்பு என்கிறீர்கள். அதே கரையில் சீமைக்கருவேலம் ஜம்மென்று நிற்கிறது. அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் அதன் மேல் கை வைக்க ஆளில்லை. மொட்டையான இடத்தில் முதலில் வந்து குடியேறப் போவது பார்த்தீனியம் என்ற நச்சுக்களை. தொல்காப்பியம் நேருக்கு நேர் மோதும் போருக்குத் தும்பைத் திணை என்று பெயர் வைத்தது. அந்தத் தும்பையோடே போருக்குப் போன பெருமை நம் பேரூராட்சிக்கு. அப்புறம் அழகுபடுத்துகிறோம் என்று நர்சரியிலிருந்து புல்லை விலைக்கு வாங்கி ஒட்டுவீர்கள்.

கோரிக்கைக்கு வருகிறேன். மிஞ்சிய தும்பை காய்த்து விதை விழும்வரை, அதாவது மாசி முடியும்வரை, கீழ்ச்சரிவைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் மருந்து வேண்டாம். ஆள் வைத்து அரிவாளால் அறுக்கச் சொல்லுங்கள். நடைபாதை ஓரத்தை இப்போதே சுத்தம் செய்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்த இடத்தில் தும்பை அடர்த்தி என்று உங்கள் சுகாதார மேற்பார்வையாளருக்குக் காட்டத் தயாராக இருக்கிறேன்; எந்தக் காலையிலும் வருகிறேன். அடித்த மருந்தின் பெயரை மட்டும் தயவுசெய்து அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி