அந்தப் பழைய கம்ப்யூட்டரை இப்போது விற்க வேண்டாம்

யாங்கூனில் தமிழ் வகுப்புகள் நடத்தும் கோயில் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். பாடக் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை, எல்லாவற்றையும் புதிதாக டைப் செய்துகொள்ளலாம், பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடலாம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

ஆசிரியர்கள் தந்த பென்டிரைவைப் பார்த்தேன். பெரும்பாலான கோப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. திறந்தால் தமிழுக்குப் பதில் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வருகின்றன, அவ்வளவுதான். அவை பாமினியில் அடித்த பக்கங்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துரு அது. நாம் ‘அம்மா’ என்று பார்த்ததைக் கம்ப்யூட்டர் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமித்திருக்கிறது. பாமினியாவது இணையத்தில் கிடைக்கும். சில பாடங்கள் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை என்பதே பிடிபடவில்லை. அந்த எழுத்துரு நீங்கள் விற்கப்போகும் கம்ப்யூட்டரில், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும்.

பர்மிய எழுத்திலும் இதே கூத்தைப் பார்த்தவர்கள்தானே நாம். 2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் நாடு யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொது முறைக்கு, மாறியபோது, ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் எழுதியதெல்லாம் புது போன்களில் சிதறிப்போனது. நம் பாடங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் பர்மியமும் ஆங்கிலமும் உண்டு. பக்கம் முழுவதையும் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். பர்மியத்தில் எழுதிய சொற்பொருள் ஜோஜியா யூனிகோடா என்று பார்க்காமல் மாற்றினால் நன்றாக இருந்ததும் உடையும். பத்தி பத்தியாகத்தான் செய்ய வேண்டும்.

புத்தகப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த கோப்புகள் வேறு கதை. அந்த மென்பொருள் 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் அவற்றில் பலவற்றைத் திறக்கும். பக்க அமைப்பு கலையலாம்.

உண்மையிலேயே கெட்டவையும் சில உண்டு. சேமிக்கும்போது கரண்ட் போயிருக்கும், அல்லது காப்பி முடியுமுன் யாரோ பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள். அளவு 0 கேபி என்றால் உள்ளே ஒன்றுமில்லை, வேறு பிரதி தேட வேண்டியதுதான். அளவு இருந்தால் முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, வேர்டின் ‘ஓபன் அண்ட் ரிப்பேர்’ வசதியில் முயலலாம். பெயர் டாக்எக்ஸ் என்று முடியும் வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. அந்த வாலை ஜிப் என மாற்றிப் பிரித்தால், அதிர்ஷ்டமிருந்தால் பாட வரிகள் உள்ளே கிடைக்கும். எல்லாவற்றையும் மீட்டுத் தருவதாக ஒரு கடை கேட்ட தொகையில் பிள்ளைகளுக்கு ஒரு வருட நோட்டுப் புத்தகம் வாங்கிவிடலாம்.

புதிதாக அடிப்பதில் எனக்கு ஏன் சம்மதமில்லை? 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழைத் தாங்கியதில் கோயில் வகுப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டில் தமிழ் பேசியும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்காக நம் ஆசிரியர்கள் பர்மியத்தில் எழுதிச் சேர்த்த பொருளும் குறிப்பும் தமிழ்நாட்டுப் பாடநூலில் கிடைக்காது.

ஆகவே, ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அலுவலக அறைச் சாவியைத் தாருங்கள். ஹார்ட் டிஸ்க் முழுவதையும், எழுத்துருக்களோடு சேர்த்து, வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுகிறோம். அப்புறம் பெட்டியைத் தாராளமாக விற்கலாம். ஜெனரேட்டர் ஓடும் நேரமாகப் பார்த்துக் கொடுத்தால் காப்பி நடுவில் நிற்காது.

இப்படிக்கு,
நம் வகுப்பில் தமிழ் படித்தவன்