சின்னையாவுக்கு, மற்ற மிடில்பேர்க்கில் இருந்து

அன்புள்ள சின்னையா,

"உங்கை வயலுக்குள்ளை சைக்கிள் ஓடித் திரிஞ்சு என்னத்தைப் பிள்ளை காணுறாய்? ஊரிலை இல்லாத வெட்டையோ?" என்று போனில் கேட்டீர்கள். அந்த நேரம் சிரித்து மழுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லப் பார்த்தேன், ஏலவில்லை, நீண்டுவிட்டது. ஆகவே கடிதமாகவே எழுதுகிறேன். இதைப் பொதுவில் போடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. சுவிஸ், பாரிஸ், லண்டன், டொரொன்டோ என்று சிதறிக் கிடக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்து ஆட்களும் வாசிக்கவேண்டும். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட். வேலணை லைடன். காரைதீவு ஆம்ஸ்டர்டாம். நயினாதீவு ஹார்லெம். எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு வைத்தது மட்டும்தான் ஆட்களின் வாயில் இன்றைக்கும் நிற்கிறது, மற்றவை பெரும்பாலும் பழைய வரைபடங்களோடு போய்விட்டன. இங்கே, நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அசல் டெல்ஃப்டையும் லைடனையும் பார்த்தேன். வாய்க்கால், தேவாலயம், கூட்டம். வடிவான ஊர்கள்தான், ஆனால் மனதில் ஒட்டவில்லை. மிடில்பேர்க்குக்குப் போனபோதுதான் கதை மாறியது. அதுவும் ஒரு தீவு ஊர்.

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் சீலாந்து என்று ஒரு மாகாணம். அதில் வால்கரன் என்ற தீவின் நடுவில் மிடில்பேர்க். தீவு என்று சொன்னால் இன்றைக்கு அங்குள்ள இளம்பிள்ளைகளே ஒரு கணம் யோசிப்பார்கள். 1871இல் கடலை மறித்து அணை போட்டு, அடுத்த வருடம் ரயில் விட்டார்கள். அந்த மறித்த கடல் இப்போது இல்லவே இல்லை, நிரப்பி வயலும் துறைமுகமும் ஆக்கிவிட்டார்கள். புங்குடுதீவை வேலணையோடு சேர்க்கிற வாணர் பாலம் எங்களுக்கு வந்த பிறகும் கடல் இரண்டு பக்கமும் அப்படியே கிடக்கிறதே, அந்த மட்டில் நாங்கள் பாக்கியசாலிகள்.

ஓடுவதற்குச் சைக்கிளை விடச் சுகமான வாகனம் அங்கே கிடையாது. பாதைச் சந்திக்குச் சந்தி ஒரு இலக்கக் கட்டை நடப்பட்டிருக்கும். வெளிக்கிட முன்னம் இலக்கங்களை ஒரு துண்டில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும், போன் தேவையில்லை, வழி கேட்கவும் தேவையில்லை. காற்று மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்துக்கே வரும். ஏற்றம் இல்லாத நாட்டில் காற்றுத்தான் ஏற்றம் என்று சைக்கிள் திருத்துகிறவர் ஒருவர் சொன்னார். அணைக்கட்டின் மேலால் ஓடினால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் கடலை விடப் பதிந்து கிடக்கிற உருளைக்கிழங்குத் தோட்டம். வீடுகளின் கூரை உங்கள் கண்மட்டத்துக்கு வரும். முதல் தரம் அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

தோட்ட வாசல்களில் மரப்பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே வலைப்பையில் வெங்காயம், கிழங்கு, சில நேரம் முட்டை. விலையைச் சோக்கால் எழுதி, பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பேணி. ஆள் இல்லை. இப்போது பேணிக்குப் பக்கத்தில் கியூஆர் கோடும் ஒட்டிவிட்டார்கள். வெங்காயம் இந்த மாகாணத்தின் பெரிய பயிர், உலகம் முழுக்க ஏற்றுமதியாகிறது. நான் ஒரு பை வாங்கிச் சம்பல் அரைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை, வெறும் இனிப்பு. வேலணைச் சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் நிற்க ஏலாது. இதைச் சின்னம்மாவுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள்.

வியாழக்கிழமை மிடில்பேர்க்கில் சந்தை. மீன் தட்டில் மீனுக்குப் பக்கத்தில் பச்சையாக, முட்டு முட்டாக, இலையில்லாத ஒரு பூண்டைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு முட்டைக் கிள்ளி வாயில் போட்டேன். நொறுக்கென்று உடைந்து கடல் உப்பு நாக்கில் இறங்கியது. எங்கள் கரைவெட்டையில் ஆடு கடிக்கிற உமரியின் சாதிதான்! சேற்றுக் கடற்கரையில் முளைக்கிறதை வெட்டிவந்து நல்ல விலைக்கு விற்கிறார்கள், வெண்ணெயில் இரண்டு நிமிடம் பிரட்டிச் சாப்பிடுகிறார்கள். நான் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறை வறுத்தேன். உப்புப் போடவேயில்லை. அப்படியும் கொஞ்சம் கூடித்தான் போனது.

சரி, உப்பு என்று வந்துவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்துத் தீவுகளை உப்புத் தண்ணீர் பல தரம் தின்றிருக்கிறது, அதில் இரண்டைச் சொல்கிறேன். 1944 ஒக்டோபரில் ஜேர்மன் படையை அகற்றுவதற்காக நேச நாட்டு விமானங்களே வெஸ்ட்கபெல் என்ற இடத்து அணையைக் குண்டுபோட்டு உடைத்தன. வால்கரனின் பெரும்பகுதி ஒரு வருடத்துக்கு மேல் கடல் ஏறி இறங்கும் நிலமாகக் கிடந்தது. பழமரம், வேலி மரம் எல்லாம் நின்ற நிலையில் பட்டன. பிறகு 1953 ஜனவரி 31 இரவு, கடல் பெருக்கு நாளும் வடமேல் புயலும் ஒன்றாக வர, சீலாந்துத் தீவுகளிலும் அயலிலும் அணைகள் உடைந்து 1836 பேர் செத்தார்கள். நீங்கள் கண்ட 64ஆம் ஆண்டுப் புயலை நினைத்துக்கொள்ளுங்கள், அதோடு கடல் மாதக்கணக்கில் திரும்பிப் போகாமல் நின்றது என்று வையுங்கள். அவுவெர்கெர்க் என்ற கிராமத்தில் கடைசி உடைப்பை நொவெம்பர் மாதம்தான் அடைத்தார்கள், நான்கு பெரிய கொங்கிரீட் பெட்டகங்களை இழுத்துவந்து அமிழ்த்தி. இன்றைக்கு அந்தப் பெட்டகங்களுக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே நல்ல குளிர், சுவரில் கை வைத்தால் ஈரம்.

அணை பெரிதாகக் கட்டியது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒன்பது கிலோமீற்றர் நீளத் தடுப்பு, 62 இரும்புக் கதவுகள், 1986இல் திறந்தார்கள், உல்லாசப் பயணிகள் பஸ்ஸில் வந்து படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது உப்பு ஏறின மண்ணை அவர்கள் மீட்ட விதம். வயல்களுக்கு ஜிப்சம் தூவினார்கள். ஜிப்சத்தில் உள்ள கல்சியம் களியில் ஒட்டியிருந்த சோடியத்தைக் கழற்றிவிட, மாரி மழை அதைக் கழுவி வாய்க்காலுக்குக் கொண்டுபோனது. முதலில் உப்புத் தாங்கும் பயிர், பிறகு மற்றவை. அவசரப்படவில்லை. மழைக்குத் தன் வேலையைச் செய்ய வழிவிட்டார்கள்.

இனிக் கிணற்றுக்கு வாருங்கள். 1880களின் கடைசியில் பாடொன் கைபென் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியாளரும், 1901இல் வடகடலில் நோர்டர்னை என்ற தீவின் கிணறுகளை ஆராய்ந்த ஹெர்ட்ஸ்பேர்க் என்ற ஜேர்மன்காரரும் தனித்தனியாக ஒரே கணக்கைக் கண்டுபிடித்தார்கள். தீவின் அடியில் உப்புத் தண்ணீர்தான். மழைநீர் அதைவிடப் பாரம் குறைவு என்பதால், பாலில் ஆடை மிதக்கிற மாதிரி மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் சின்னையா. மோட்டர் போட்டு ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். "நல்லதண்ணிக் கிணறு திடீரெண்டு சவராப் போச்சு, ஆர் கண்ணூறோ" என்று மாமி சொல்வாவே, கண்ணூறு இல்லை, இரண்டு குதிரைவலு மோட்டர்.

ஆச்சிக்கு இந்தக் கணக்குத் தெரியாது, ஆனால் காரியம் தெரியும். துலாவில் இறைக்கிற காலத்தில் பட்டை நிரம்பும் வேகத்துக்கு மேல் தண்ணீரை எடுக்க ஏலாது. கிணற்றை ஆழமாக்கப் போனால் "கீழை வெட்டாதை, சவர் வரும்" என்று பெரியாட்கள் மறிப்பார்கள். கடற்கரை மணலில் பூவல் தோண்டினால் கையளவு ஆழத்தில் நிறுத்திவிடுவார்கள். மாட்டுக்குத் துரவு, கோயிலுக்குக் கேணி, வெட்டையில் குளம். மழை ஓடிக் கடலில் விழமுன் ஒரு இடத்திலாவது மறித்து நிலத்துக்குள் இறக்கிவிடவேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

வால்கரனிலும் இதே சூட்சுமம்தான். அங்கே பழைய கடற்கழிகள் தூர்ந்து மணல் மேடாக நிற்கின்றன. சுற்றியிருக்கிற களியும் மக்கிய மண்ணும் தண்ணீரை இழுத்து வெளியேற்ற வெளியேற்றப் பதிந்துபோக, ஒருகாலத்துக் கழி இன்றைக்கு மேடு. வீடு, பழத்தோட்டம், பழைய பாதை எல்லாம் அந்த மேட்டில்தான் இருக்கின்றன, நன்னீரும் அதற்கு அடியில்தான் தடிப்பாக நிற்கிறது. மாரியில் மிஞ்சுகிற தண்ணீரை அந்த மேட்டுக்குள்ளேயே இறக்கிச் சேமிக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. சும்மா புகழவில்லை. நூற்றாண்டுக் கணக்காக மழையைப் பம்ப் பண்ணிக் கடலுக்குள் தள்ளியவர்களும் இவர்கள்தான். 2018 கோடையில் மழை பொய்த்தபோது, ஆற்று நீர் எட்டாத சீலாந்து வயல்கள் வாடி நின்றன. பிந்தித்தான் புத்தி வந்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது. தண்ணீர் யாருடைய பொறுப்பு என்பது. தண்ணீருக்கென்று தனிச் சபை, தனி வரி, தனித் தேர்தல். நானும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை போய் வாக்குப் போடுகிறேன், வரிக் கடிதம் வரும்போது முணுமுணுக்கிறேன். லைடனில் உள்ள சபையின் பட்டயம் 1255ஆம் ஆண்டுக்குரியது, டெல்ஃப்டில் உள்ளது 1289க்குரியது. எங்கள் வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் பெயர் வைத்தவர்கள் அதற்கு முன்னமே நானூறு வருடமாகத் தண்ணீரை ஆண்ட அனுபவசாலிகள்! யாழ்ப்பாணத்துக்கு வந்து அதில் ஒரு துளியையும் இறக்கவில்லை. சாயவேரையும் யானையையும் ஏற்றினார்கள். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக்கூட உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லாமற் பண்ணித்தான் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். தீவில் தண்ணீர் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்துதான் அடித்திருக்கிறார்கள்.

பழைய சட்டம் ஒன்றும் உண்டு. அணையில் தன் பங்கைப் பராமரிக்க வழியில்லாதவன் தன் மண்வெட்டியை அணையில் குத்திவிட்டு ஊரைவிட்டுப் போகவேண்டும். அதை யார் பிடுங்குகிறாரோ அவருக்கு அந்த நிலமும் சேரும், அணை வேலையும் சேரும். கொடுமையான சட்டம்தான். ஆனால் நிலம் வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்று யாரும் தப்ப முடியாது.

இதை வாசித்த நேரம் எங்கள் வட்டாரங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. 91இல் சண்டையால் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. காணி உறுதி எங்கள் பெட்டியில் இருக்கிறது, வளவில் நாயுருவி நிற்கிறது. நானும் அந்தக் கணக்கில்தான். ஆனால் கோயிலுக்குக் கோபுரம் என்றால் மூன்று கண்டங்களிலிருந்து காசு வருகிறது. போன சங்கக் கூட்டத்தில் கேணி தூர்வாருவதைப் பற்றிக் கதைத்தேன். "அதுக்குப் பெயர்க்கல் எங்கை வைக்கிறது?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். கேட்டவர் நல்ல மனிதர், பகிடிக்கும் கேட்கவில்லை. ஊரில் தண்ணீர் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் குடம் அடுக்குகிற உங்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன்.

கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேணி கோயிலுக்குச் சேர்ந்ததுதானே, ஒரே திருப்பணிக்குள் அதையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதோடு மாரி தொடங்கமுன் குளத்து வாய்க்கால்களைத் துப்புரவாக்க வேண்டும். புதிதாகக் குழாய்க்கிணறு அடிக்கிறவருக்கு இந்த நாற்பது அடிக் கணக்கை யாராவது சொல்லவேண்டும். பெரிய செலவு இல்லாத வேலைகள்.

கூட்டத்தில் வாயால் சொன்னால் எடுபடாது, இலக்கம் காட்டவேண்டும். அதுதான் உங்களுக்கான வேலை. ஆடிக்கு ஊருக்கு வருகிற ஒருவரிடம் தண்ணீரின் உப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்று கொடுத்துவிடுகிறேன், பேனை அளவுதான் இருக்கும். விடியற்காலையில், ஒருவரும் மோட்டர் போடமுன், வாளியால் அள்ளி, முனையை நனைத்து, இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பிடியுங்கள். எங்கள் கிணறு, மாமி வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, கோயில் கேணி. அன்றைக்கே பின்னேரம் மோட்டர் ஓடி முடிந்த பிறகு திரும்பவும் ஒருக்கால் அளக்கவேண்டும். மாதத்தில் ஒரு நாள் போதும், ஆனால் மாரி முடிந்து அடுத்த ஆவணி வரைக்கும் விடாமல் எழுதுங்கள். கொப்பியில் திகதியும் மழை பெய்ததா என்பதும் இருக்கட்டும். கண்ணன் குட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள், இலக்கம் வாசிக்க அவனுடைய கண் நல்லது. பற்றறி மேலதிகமாக வைத்து அனுப்புகிறேன், அது அங்கே தேடினாலும் கிடைக்காத அளவு.

சின்னம்மாவின் முழங்கால் நோ எப்படி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்