அகராதிச் செயலியில் ‘கிமிக்கி’ (gimmicky) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தவறான பொருள்: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலிக்கு இரண்டு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. போன வாரம் உங்களை நம்பியதில் எனக்குப் பெயர் கெட்டது.

ஒரு செல்போன் விமர்சனத்தைத் தமிழில் கேட்டிருந்தார்கள். அதில், மிக அருகில் வைத்துப் படம் எடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை ‘கிமிக்கி’ என்று எழுதியிருந்தது. உங்கள் செயலி காட்டிய பொருள் ‘தந்திரமான, சூழ்ச்சியுள்ள’. எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் நேரமில்லை, ‘தந்திரக் கேமரா’ என்று போட்டுவிட்டேன். படித்தவர்கள் ரகசியமாகப் படம் எடுக்கும் கேமரா என்று நினைத்துக்கொண்டார்கள். கூலியில் பாதி போனது.

அப்புறம் நானே தேடினேன். இதன் மூலச் சொல்லான ‘கிமிக்’ (gimmick) 1920களில் அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் புழங்கிய சொல். பொருட்காட்சிச் சூதாட்டத்தில், சக்கரம் தனக்கு வேண்டிய இடத்தில் நிற்கும்படி கடைக்காரர் ஒளித்துவைத்த கருவிக்கு அந்தப் பெயர். உங்கள் ‘சூழ்ச்சி’ அங்கேயே நின்றுவிட்டது. சொல்லோ நகர்ந்துவிட்டது. இன்றைக்குக் ‘கிமிக்கி’ என்றால், உள்ளே சரக்கு இல்லாமல் கவனத்தை இழுக்க மட்டும் வைத்தது என்று அர்த்தம். 1959இல் ஒரு திகில் படத்துக்காக அமெரிக்கத் தியேட்டர்களில் இருக்கைக்கு அடியில் அதிரும் மோட்டார் வைத்தார்கள். அந்த மாதிரி வேலையைத்தான் இப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் பொருளுக்கும் படத்துக்கும் விளம்பரத்துக்கும் வரும் சொல், எப்போதுமே குறையாகச் சொல்வது. அந்தக் கேமராவும் லென்ஸ் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வைத்ததுதான். அதில் சூழ்ச்சி எங்கே இருக்கிறது?

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ‘வெறும் ஜிகினா வேலை’, ‘பகட்டுக்காகச் சேர்த்தது’ என்று இடம் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதனால்தான் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும் என்கிறேன். உங்கள் பதிவில் ஒன்றுகூட இல்லை. ஆனால் செயலியைத் திறந்ததும் பரிசுச் சக்கரம் சுற்றுகிறது, நாணயம் கொட்டுகிறது. சந்தா கட்டுகிறவருக்கு அது எதற்கு? அதற்குச் செலவிடும் உழைப்பைச் சொற்களுக்குக் கொடுங்கள்.

இந்தப் பதிவை உடனே திருத்துங்கள். பழைய பொருள், இன்றைய பொருள் இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, குறைந்தது மூன்று வாக்கியங்கள் சேருங்கள். இந்த வருடச் சந்தாவையும் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்